சுவரின் மேல் இரண்டு ஸ்பீக்கர்

நேற்று மாலை என் மருமகன் வரவேற்பறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு புதுப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்தது ரிசீவர். வீட்டில் தியேட்டர்ச் சத்தம் கேட்பதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்த ஒரே பெட்டிக்குள் அடக்கம். கால் மணித்தியாலத்தில் வயர்களைச் செருகி முடித்து, "வேல முடிஞ்சுது மாமா" என்று கையைத் தட்டிக்கொண்டார். பெட்டி முதன்முறையாகச் சூடேறியபோது ஒரு வாசனை வந்தது. தூசியும் வார்னிஷும் கருகுவதற்கு முந்திய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. வீட்டில் எல்லாரும் மூக்கைச் சுளித்தார்கள். நான் மட்டும் நினைவில் உன் பழைய லயத்துக் காம்பராவுக்குப் போய்விட்டேன்.

நீ இருந்திருந்தால் அந்தக் கால் மணித்தியாலத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்திருப்பாய். உன் ஸ்பீக்கர் சாமான்களைப் பொருத்தி முடிக்க உனக்கு நான்கு நாட்கள் சென்றன. அதில் முதல் நாள் யார் வீட்டில் எதை வைப்பது என்ற பேச்சுவார்த்தைக்கே போனது. பேச்சுவார்த்தை என்று சொல்வதும் பிழை. நீயும் உன் தம்பி செல்வராசும் பேசிக்கொள்வதில்லையே. நடுவில் நின்று பேசியது நான்.

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்தைப் பார்த்திராதவர்களுக்கு இது விளங்காது. எட்டுக் காம்பரா ஒரே கூரையின் கீழ். ஒரு காம்பராவையும் அடுத்ததையும் பிரிக்கும் சுவர், கூரைத் தகரம் வரை போகாது. மேலே இரண்டடி இடைவெளி. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். மூன்றாம் காம்பராவில் நான், பள்ளிக்கூடத்து வாத்தியார். நான்காவதில் நீ, தேயிலைத் தொழிற்சாலையின் வயர்மேன். ஐந்தாவதில் உன் தம்பி, தோட்டத்து லொறி ஓட்டுநர்.

நீ அந்தச் சாமான்களை வாங்குவதற்கு ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு நாள், தம்பி வீட்டு அடுப்புப் புகை சுவருக்கு மேலால் வந்து உன் மனைவி மரகதம் துவைத்துக் காயப்போட்டிருந்த சேலையில் படிந்தது. நீ பேசாமல் இருந்திருக்கலாம். பேசியாவது இருந்திருக்கலாம். நீயோ தேயிலைப் பெட்டிப் பலகை நான்கைக் கொண்டுவந்து அந்த இடைவெளியை அடைத்து ஆணி அடித்துவிட்டாய். லொறியை நிறுத்திவிட்டு வந்த செல்வராசு மேலே பார்த்தான். "எங்க அண்ணன் என் மூஞ்சியில பலக அடிச்சிட்டாரு சேர்" என்று என்னிடம் சொன்னான். அவ்வளவுதான். அன்று பூட்டிய வாய்.

அதற்குப் பிறகு உங்கள் இருவருக்கும் நான்தான் தபால்காரன். இருவரும் மூன்றடி இடைவெளியில் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நிற்பீர்கள். அவன் என்னைப் பார்த்து, "சேர், அவரு கோழி எங்க பக்கம் வந்து முட்டை போடுது, சொல்லிருங்க" என்பான். நீயும் என்னைப் பார்த்து, "வாத்தியாரே, முட்டையில எம்பேரு எழுதியிருக்கான்னு கேளு" என்பாய். நான் யாரிடமும் எதையும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இடையில் நான் நிற்க வேண்டும். நான் பாடசாலையில் இருக்கும் நேரங்களில் கோழி முட்டையிட்டால், மாலை வரை காத்திருந்துதான் சண்டையை நடத்தினீர்கள்.

ஆறாம் வருடம் செல்வராசுக்குத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் தனி வீடு கிடைத்தது. தைப்பொங்கல் அங்கேதான் என்று அவன் மனைவி லயமெங்கும் சொல்லிவிட்டாள். கேள்விப்பட்ட அன்று நீ ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பாடசாலை விட்டு நான் வரும் வழியில், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய்.

"ஞாயித்துக்கெழம அட்டனுக்குப் போவமா? படம் பாக்குற சாமான் ஒண்ணு வாங்கணும்."

கொழும்பில் தையல் வேலை செய்யும் மகள் அனுப்பிய காசில் அடுப்படிக்குச் சீமெந்து போடப் போவதாகத்தான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தாய். நான் கேள்வி கேட்காமல் வந்தேன். வாத்தியார்மாருக்கு அது அபூர்வமான குணம்.

நீ அட்டன் என்கிற ஹட்டனில் பஸ் நிலையத்துக்கு மேலே இருந்த நானாவின் கடையை ஒரு மணித்தியாலம் நாம் அடைத்துக்கொண்டு நின்றோம். ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்களைத் துடைத்துப் புதிதாக்கி வைத்திருந்தார். முதலில் ஒரு ரிசீவரைக் காட்டினார். "எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு. சத்தத்தப் பிரிக்கிறதும் இதுதான், பெருசாக்குறதும் இதுதான், ரேடியோவும் இதுதான். இது ஒண்ட வாங்கினா வேற எதுக்கும் ஓடுற வேல இல்ல" என்றார். நீ பக்கத்து இறாக்கைத் தட்டைப் பார்த்தாய். அங்கே அதே வேலைகள் தனித்தனிப் பெட்டிகளாக இருந்தன. சத்தத்தை ஐந்தாகப் பிரிப்பதற்கு ஒன்று, முன்பக்க ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பெரிதாக்கும் ஓர் அம்ப், பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு இன்னோர் அம்ப்.

நான் ரிசீவர் பக்கம் நின்றேன். எனக்கு உதாரணம் இல்லாமல் பேச வராது என்பது உனக்குத் தெரியும். "ரிசீவர் என்பது நம் தோட்டப் பாடசாலை மாதிரி. ஒரு வாத்தியார் ஐந்து வகுப்புக்கும் எல்லாப் பாடமும் எடுக்கிறார். பிள்ளைகள் பாஸாகவில்லையா? நீ பார்க்கிறது டவுன் பள்ளிக்கூடம். கணக்குக்கு ஒருவர், சங்கீதத்துக்கு ஒருவர். தரம் உயர்வுதான். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கு அது எதற்கு?" என்றேன்.

நீ ஒரு வார்த்தையில் என் பாடசாலையை மூடினாய்.

"ஒத்த வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்தா பள்ளிக்கூடமே லீவு."

நானா சிரித்துவிட்டார். அவருக்கு என்ன, மூன்று பெட்டி விற்றால் மூன்று லாபம். நீ தொடர்ந்து சொன்ன நியாயங்களும் சரியானவையே. ஒரு பெட்டிக்குள் எல்லாவற்றையும் நெருக்கினால் ஒன்றின் சூடு மற்றதைக் கெடுக்கும். ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றித் திருத்தலாம். நல்ல அம்ப் ஒன்று பின்னால் கிடைத்தால் அதை மட்டும் மாற்றலாம். இருபது வருடம் தொழிற்சாலையில் மோட்டார் கட்டியவன் பேச்சு. ஆனால் பஸ்ஸில் மூன்று பெட்டிகளை மடியிலும் காலிலும் வைத்துக்கொண்டு வரும்போதுதான் உண்மையான நியாயத்தைச் சொன்னாய்.

"ஒத்தப் பெட்டி வாங்குனா எல்லாம் என் வீட்டுக்குள்ளயே முடிஞ்சிரும். இது அப்பிடியில்ல. காம்பராவுக்கு ஒரு பிளக்குதான். இவ்வளவையும் ஒண்ணுல குடுத்தா ட்ரிப் விழுந்திரும். ஒரு பெட்டிய பக்கத்து வீட்டுலதான் வச்சாகணும்."

"என் வீட்டில் வைக்கலாமே" என்றேன்.

நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். "ஒன் வீட்டு வயரிங் சரியில்ல" என்றாய். அந்த வயரிங்கைச் செய்தவன் நீதான். தலவாக்கலை தாண்டும்வரை நான் பேசவில்லை. பிறகு நீயாகவே சொன்னாய். "அவன் போறதுக்குள்ள ஒரு வார்த்த பேசிட்டான்னா போதும் வாத்தியாரே. லயத்துல இருந்து பேசாமப் போனவன், அங்க போயா பேசப் போறான்?"

அன்று மாலையே தூது போனேன். பின்பக்க அம்ப்பை அவன் வீட்டு பிளக்கில் குத்தி வைக்கச் சம்மதமா என்று கேட்டேன். செல்வராசு தேநீரை ஊதி ஊதிக் குடித்து முடித்தான். அடுத்த காம்பராவில் நீ மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. "வைக்கட்டும். ஆனா நன்றி கின்றின்னு யாரும் வரவேண்டாம்" என்றான். நான் வெளியே வந்து உன் வாசலில் ஏறியதும் நீ, "சரி சரி, கேட்டுச்சு" என்றாய்.

வயர் போவதற்காகப் பலகைகளைக் கழற்றினாய். நான்கில் ஒன்றைக் கழற்றினாலே போதும். நான்கையும் கழற்றினாய். பிறகு சுவரின் மேல் ஏறி, பின்பக்க ஸ்பீக்கர் இரண்டையும் அங்கே வைத்தாய். பார்க்கிறவருக்குப் பின்னால் இருக்க வேண்டியவை அவை. நாம் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் சுவர்தான் என்பதால் சுவரின் மேல் வைப்பது சரிதான். ஆனால் அவற்றின் முகம் செல்வராசு வீட்டுப் பக்கம் இருந்தது. நான் விஞ்ஞானமும் படிப்பித்தவன். முகம் மாறி இருக்கிறது என்று கீழே நின்று சொல்லிக் காட்டினேன்.

"தெரியும். அந்தப் பக்கம் தகரத்துல பட்டுத் திரும்பி வரும். எதிரொலின்னு நீதானே அஞ்சாம் வகுப்புக்குச் சொல்லிக் குடுக்குற?" என்றாய்.

எதிரொலி ஒன்றும் திரும்பி வரவில்லை. போனது போனதுதான். உன் வீட்டில் நாங்கள் படமும் பேச்சும் கேட்டோம். உன் தம்பி வீட்டில், தலைக்கு மேலே அலறியதில் நம் பக்கத்துப் பேச்சு அமுங்கி, அவர்களுக்குக் கிடைத்தது பேச்சில்லாத மிச்சம்: காற்று, பறவை, குதிரைக் குளம்பு, தூரத்துச் சனக்கூட்டம். நடுவில் யாரும் ஒரு சொல் பேசமாட்டார்கள்.

முதல் ஞாயிறு மூன்று மணிக்குப் படத்தில் மழை பெய்தது. நல்ல தரமான மழை, நானா சொன்னபடியே. செல்வராசுவின் மனைவி வெளியே ஓடிக் கொடியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்து ஆறாம், ஏழாம் காம்பராக்காரிகளும் அள்ளினார்கள். வெளியே தேயிலை மேல் வெயில் பளபளத்துக்கொண்டிருந்தது. மலைநாட்டில் வெயிலை நம்பி யார் இருக்கிறார்கள்? அடுத்த ஞாயிறு குதிரைப் படம். லயத்து நாய்கள் மூன்று, ஐந்தாம் காம்பரா வாசலில் வந்து குரைத்தன. செல்வராசு பேசவில்லை. நாயை மட்டும் விரட்டினான். நீ என்னைப் பார்த்தாய். நான் கூரையைப் பார்த்தேன்.

மூன்றாம் ஞாயிறு பேய்ப் படம். பாதியில் ஒரு பெரிய இடி. உடனே பின்பக்கச் சத்தம் செத்துப்போனது. அம்ப் எரிந்துவிட்டது என்று நீ தலையில் கைவைத்தாய். போய்ப் பார்க்கும் உரிமை எனக்குத்தான் இருந்தது. போனேன். செல்வராசு தரையில் உட்கார்ந்திருந்தான். பிடுங்கிய பிளக் கையில் இருந்தது. இடி இடித்தால் மின்சாரச் சாமான்களின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று தோட்டத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தது நீ.

"நல்ல வேள சேர், மொத இடியிலயே புடுங்கிட்டேன். அதுக்கப்பறம் சத்தத்தையே காணோம், தூரமாப் போயிருச்சு போல" என்றான்.

வெயிலில் நடந்து வந்த, நனையாத என் தலையை அவன் பார்க்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்தினான். இரண்டடி இடைவெளியில் குரலைத் தாழ்த்தி என்ன பயன்?

"அவரு பிள்ள சம்பாரிச்ச காசுல வாங்குனது. எங்க வீட்டுல இருக்கும்போது ஒண்ணும் ஆயிரக்கூடாது. சொல்லிருங்க."

நான் உன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நீ டீவியை நிறுத்தியிருந்தாய். பேய், வாயைத் திறந்தபடி திரையில் நின்றது. நான் எதையும் சொல்லவில்லை. நீயும் கேட்டுச்சு என்று சொல்லவில்லை. மரகதம் மட்டும் உள்ளே போய், அன்றைக்குச் சுட்ட ரொட்டியில் நான்கைத் தட்டில் வைத்து, "அந்தப் பக்கம் குடுத்துருங்க சேர்" என்று என் கையில் தந்தாள். படம் அதோடு முடிந்தது.

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருக்கையில் நான்காம் ஞாயிறு வந்தது. ஐந்தாம் காம்பராவில் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். உனக்குப் படத்தில் கவனம் இல்லை. அது புதுப் படம். அந்த நாட்களில் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவிடியும் வந்துவிடும். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு துப்பாக்கிச் சத்தம் சுவரின் மேலிருந்து வெடித்தது. பிறகு காகங்கள் பறக்கும் சத்தம். பிறகு அந்தப் பக்கத்துக்கு ஒன்றுமே இல்லை. அழுகை முழுவதும் நம் பக்கத்து ஸ்பீக்கரில்.

ஒரு நிமிடத்தில் சுவருக்கு மேலால் செல்வராசுவின் குரல் வந்தது.

"அண்ணே. யாரு செத்தா?"

நீ அசையவில்லை. நான் உன்னைப் பார்த்தேன். மரகதம் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு தம்பிக்கு நீ சொன்ன முதல் வார்த்தைகளை நான் அப்படியே எழுதுகிறேன்.

"மாமன்காரன்டா. நல்ல மனுசன்."

"யாரு, அந்த மீசக்காரரா?"

"ஆமா."

"வில்லன் சுட்டுட்டானா?"

"இல்லடா, போலீஸ்காரன். ஆள் மாறிப்போச்சு." பிறகு கொஞ்சம் கோபமாக, "அங்க இருந்துகிட்டு என்னாத்தக் கேக்குற? வாசல் தொறந்துதானே கெடக்கு" என்றாய்.

அவன் வந்தான். தேநீர்க் கோப்பையோடு வந்து பெஞ்சின் ஓரத்தில், எனக்கு அந்தப் பக்கமாக உட்கார்ந்தான். நடுவில் நான் இருந்தேன். பழக்கம் விடவில்லை. படம் முடிகிறவரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. முடிந்ததும் அவன் எழுந்து, சுவரின் மேலே பார்த்து, முதல்முறையாக நடுவில் சுவர் இல்லாமல் உன்னிடம் சொன்னான். "இருவது வருச வயர்மேன். ஸ்பீக்கருக்கு மூஞ்சி எது முதுகு எதுன்னு தெரியல." அவன் போன பிறகு என் தோளைப் பிடித்து, "வேணும்னுதான் திருப்பி வச்சேன்னு அவன்கிட்ட சொல்லித் தொலச்சிராத. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே நெனைக்கட்டும். அவனுக்குச் சிரிக்க ஒண்ணு வேணும்" என்றாய்.

அவனும் குறை வைக்காமல் சிரித்தான். கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், சம்பள நாளில், யார் கிடைத்தாலும் அந்தக் கதைதான். நீ அசட்டுச் சிரிப்போடு நிற்பாய். தொழிலில் யாராவது ஒரு சொல் சொன்னால் சண்டைக்குப் போகிறவன் நீ.

பொங்கலுக்கு முதல் நாள் லொறியில் அவன் சாமான்களை ஏற்றினோம். நீ சுவரில் ஏறி ஸ்பீக்கர் இரண்டையும் இறக்கினாய். பின்பக்க அம்ப்பையும் சேர்த்துத் துணியில் சுற்றி லொறியின் முன் இருக்கையில் வைத்தாய். அவன் வேண்டாம் என்றான். நீ வேண்டும் என்றாய். சண்டை நேரடியாகவே நடந்தது. நான் ஓரமாக நின்று, வேலை போனவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். லொறி இறங்கிப் போன பிறகு என்னிடம் கேட்டாய்.

"ரிசீவர் வாங்கியிருந்தா, வாத்தியாரே, எதக் கழட்டிக் குடுத்திருப்பேன்?"

அந்த வாதத்தில் நான் அன்றுதான் தோற்றேன். அதன் பிறகு உன் வீட்டில் முன்பக்கச் சத்தம் மட்டும்தான். முதுகுப் பக்கம் மழை பெய்யவே இல்லை. ஞாயிறுகளில் அவன் கீழ்ப் பிரிவிலிருந்து ஏறி வருவான். சில ஞாயிறு நீ இறங்கிப் போவாய். படம் பார்த்தீர்களா என்று கேட்டால், பாதிப் படத்துக்குமேல் பேசியே போய்விட்டது என்பாய்.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். உன்னிடம் சேர்க்க வேண்டிய ஒரு தபால் மூன்று வருடமாக என்னிடம் கிடக்கிறது. உன் கருமாதி முடிந்த அன்று, எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, செல்வராசு என்னை இஸ்தோப்பு ஓரத்துக்கு அழைத்துப் போனான். மொட்டையடித்த தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான்.

"சேர், அந்தப் படத்த நான் முந்தின புதன்கெழமையே அட்டன் தியேட்டர்ல பாத்துட்டேன். ஃபெக்டரித் தேயில எறக்கப் போனப்போ. மாமன்தான் சாவான்னு எனக்குத் தெரியும்."

"பிறகு ஏன்டா கேட்டாய்?"

"வேற என்னாத்தக் கேக்குறது சேர்? ஆறு வருசம் கழிச்சு வெறுங்கையோட 'அண்ணே'ன்னு கூப்புட முடியுமா?"

அண்ணன் அது தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார், அதுவும் நல்லதுதான் என்றான். யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டான். உன்னிடம் சொல்வது அதில் சேராது என்று நானாகத் தீர்ப்புச் செய்துகொண்டேன். தபால்காரனுக்கு அவ்வளவு உரிமையாவது இருக்க வேண்டும்.

அவனிடம் சேர்க்காத உன்னுடைய தபால் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன மாதமும் ஹட்டன் சந்தையில் என்னைக் கண்டு, கத்தரிக்காய்க்காரியிடம் அந்தக் கதையைத் தொடங்கிவிட்டான். எங்க அண்ணன் இருவது வருச வயர்மேன், ஆனா ஸ்பீக்கருக்கு மூஞ்சி எதுன்னு தெரியாது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நான் பக்கத்தில் நின்று, ஆமாம், உனக்கு ஒன்றுமே தெரியாது என்று தலையாட்டினேன்.